ஊட்டியிலிருந்து சென்னை: பீளமேட்டு விமானமா, மேட்டுப்பாளையம் ரயிலா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவைக் கண் பரிசோதனைக்குச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன். ஊட்டியிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 430 கி.மீ.; சாலையில் 550 ஆகிவிடும். எதில் போனாலும் முதலில் மலை இறங்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

விமானத்தை எடுத்துக்கொள்வோம். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மீனம்பாக்கம். ஆனால் ஊட்டியிலிருந்து பீளமேடு 90 கி.மீ. போல, காரில் மூன்று மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். இறங்கி, பெட்டியை எடுத்து, நகரத்துக்குள் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். கூட்டினால் ஏழே முக்கால். வானத்தில் இருப்பது அதில் ஆறில் ஒரு பங்குதான். சீசனில் இந்த ஏழே முக்கால் கணக்கும் நிற்காது. ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். கோத்தகிரி வழி சுற்று. மழைக்காலம் அதைவிட மோசம். ஒரு நவம்பரில் பர்லியாறு பக்கம் மரம் சாய்ந்து, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். விமானம் போய்விட்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை; அம்மாவுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த நாள் தவறிப்போனது இன்னும் மனசில் இருக்கிறது.

அப்புறம்தான் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு மாறினோம். எங்கள் ஊரில் இன்றும் அதை ப்ளூ மவுண்டன் என்றுதான் சொல்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, காலை ஆறரை வாக்கில் சென்ட்ரல். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 50 கி.மீ.தான், இரண்டு மணி நேரம். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது, உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு அம்மா படுத்துத் தூங்கும் நேரம். நான்கு மணிக்கே இறங்கத் தொடங்கினால், வழியில் மரம் விழுந்தாலும் இரண்டு மூன்று மணி நேரம் கையில் இருக்கும். டிக்கெட் கிடைத்தால் மலை ரயிலிலேயே இறங்குவோம். மதியம் இரண்டு மணிக்கு ஊட்டியில் ஏறினால், 46 கி.மீ. தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் இறங்கி அதே மேட்டுப்பாளையம் நிலையத்தில் விட்டுவிடும். குன்னூருக்குக் கீழே பல்சக்கரத் தண்டவாளத்தில் அது மெல்ல இறங்கும்போது அம்மாவுக்கு வயிறு புரட்டுவதில்லை. காரில் 14 கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பார்.

நேரடி பஸ் இருக்கிறது, செலவும் குறைவு. வயதானவர்களை இரவு முழுக்க உட்கார வைக்க எனக்கு மனம் வராது. கோவையிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பும் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் சென்னை சேரும். ஆனால் அதைப் பிடிக்க நடுராத்திரி தாண்டியதும் மலை இறங்க வேண்டும். கல்லாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு. முந்தின நாளே கோவையில் தங்குபவர்களுக்குச் சரி.

அவசரம் என்றால் விமானம்தான், வேறு வழியில்லை. அப்போதும் பிற்பகல் விமானமாகப் போடுங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் ஊட்டியை விட்டு இறங்கிவிடுங்கள்.