பந்தய நீச்சலுடை: விலை கூடியதா, நடுத்தரமானதா?

என்னிடம் இரண்டு பந்தய உடைகள் இருந்தன. ஒன்று லண்டனில் இருக்கும் மச்சாள் வாங்கி அனுப்பியது. எங்கள் காசில் கிட்டத்தட்ட 120,000 ரூபாய். மற்றதையும் அவதான் கழிவு விலையில் பிடித்துத் தந்தா, 45,000 ரூபாய். இரண்டும் தோளிலிருந்து முழங்கால் வரை வருகிறவை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, கொழும்புத் தடாகங்களில் 45 வயதுக்கு மேல் போட்டிக்கு இறங்குகிறவள் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களைப் போன்ற மாஸ்டர்ஸ் நீச்சல்காரருக்கு, அதாவது வயதுப் பிரிவுகளில் போட்டியிடும் பெரியவர்களுக்கு, நடுத்தர விலை உடைதான் பொருத்தம். இப்போது மூன்றாவதாக வாங்கியிருப்பதும் அதைத்தான்.

பயிற்சிக்குப் போடும் சாதாரண பொலியெஸ்டர் உடையிலேயே போட்டியிலும் நீந்தலாம். முதல் போட்டி என்றால் அதோடு போங்கள். டைவும் திருப்பமும் சரிவராமல் உடைக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

ஒரு பழைய குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பந்தய உடை என்றதும் பலருக்கு 2008தான் நினைவுக்கு வருகிறது. ஸ்பீடோ நிறுவனத்தின் எல்இசட்ஆர் ரேசர் என்ற உடை அந்த வருடம்தான் வந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதைப் போட்டவர்கள் சாதனைகளை வரிசையாக உடைத்தார்கள். அடுத்த வருடம் ரோமில் நடந்த உலகப் போட்டியில் உடல் முழுவதையும் மூடும், நீர் புகாத பொலியூரித்தேன் உடைகள் வந்து, 43 உலக சாதனைகள் விழுந்தன. அந்த உடைகள் ஆளை நீரில் உயர்த்திப் பிடித்தன. அதனால்தான் உலக நீச்சல் சம்மேளனத்திடமிருந்து 2010 ஜனவரி முதல் நீர் ஊடுருவும் துணி மட்டும், சிப் (zip) கூடாது, ஆண்களுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை என்று விதி வந்தது. மாஸ்டர்ஸ் போட்டிகளுக்கும் அதே கட்டுப்பாடுதான். ஆகவே இன்று கடையில் இருப்பது 120,000 ரூபாய் உடை என்றாலும் 2009இல் இருந்தது இல்லை. இரண்டு விலையிலும் அந்தச் சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்படியென்றால் இந்த உடை என்னதான் செய்கிறது? இறுக்கிப் பிடிக்கிறது. நாற்பது தாண்டிய உடம்பில் வயிறும் தொடையும் தளர்ந்திருக்கும். சுவரைத் தள்ளிப் பாயும்போது அந்தத் தசை ஆடுவதே ஓர் இழுவை. உடை அதை அடக்கி வைக்கிறது, இடுப்பும் கொஞ்சம் நேராக நிற்பதுபோல் இருக்கிறது. துணியில் நீர் ஒட்டாமல் வழிந்தோட ஒரு பூச்சும் உண்டு. இந்த இரண்டு வேலையையும் என் இரண்டு உடைகளும் செய்தன. விலை கூடியதன் துணி மெல்லியது, பூச்சு நல்லது, பொருத்துகளைத் தைக்காமல் ஒட்டியிருந்தார்கள். நடுத்தர உடையில் தையல்.

சுகததாச தடாகத்தின் 50 மீட்டர் நீளத்தில் என் 100 மீட்டர் பிரீஸ்டைல் நேரங்கள் இவை: பயிற்சி உடையில் 1 நிமிடம் 24.3 செக்கன், நடுத்தர உடையில் 1:23.0, விலை கூடியதில் 1:22.5. மூன்றும் வெவ்வேறு மாதங்களில் நீந்தியவை. அந்த அரைச் செக்கன் உடையால் வந்ததா, முந்திய இரண்டு கிழமையும் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போனதால் வந்ததா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சி உடையை விட்டு நடுத்தரத்துக்கு மாறிய அன்று, முதல் பாய்ச்சலிலேயே வித்தியாசம் தெரிந்தது. அங்கிருந்து விலை கூடியதற்குப் போனபோது அப்படி எதுவும் தோன்றவில்லை.

இனித்தான் என்னை ஒரு பக்கம் சாய்த்த விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை நாள் தாங்கும்?

விலை கூடிய உடையை மூன்று போட்டிகளில் போட்டு 11 தடவை நீந்தினேன். முதல் போட்டியில் நீர் அதன்மேல் சேம்பிலையில் உருளுவதுபோல் உருண்டு ஓடியது. மூன்றாவது போட்டியில் தொடைப் பக்கம் நனைந்து கறுத்துப்போனது; பூச்சு போய்விட்டது. நாலாவது போட்டிக்குக் காலையில் எடுத்துப் போட்டபோது வலது தொடையில் ஒட்டிய பொருத்து இரண்டு விரலளவு எழும்பி நின்றது. அன்றைக்குப் பயிற்சி உடையில்தான் இறங்கினேன். 120,000ஐ 11ஆல் பிரித்தால் ஒரு நீச்சலுக்கு ஏறக்குறைய 11,000 ரூபாய். இரண்டாம் கையாக விற்கவும் முடியாது. உடலோடு ஒட்டிக் கிடந்து இழுபட்ட உடையை யார் வாங்குவார்கள்?

நடுத்தர உடை இரண்டரை வருடத்தில் 34 நீச்சல் தாங்கியது. ஒரு நீச்சலுக்கு 1,300 ரூபாய் சொச்சம். பூச்சு அதிலும் போனது, ஆனால் இறுக்கம் நின்றது. கடைசியில் தோள்பட்டைப் பக்கம் தையல் விட, வீட்டடியில் இருக்கும் தையற்காரர் அதே துளைகளில் தைத்துத் தந்தார். விற்ற பிறகு கை வைத்த உடையைப் போட்டிக்குப் போடக்கூடாது என்பதால் இப்போது பயிற்சியில் வேக நாட்களுக்கு மட்டும் போடுகிறேன். ஒட்டிய பொருத்து எழும்பினால் எங்கள் ஊர்த் தையற்காரருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை.

கொழும்பில் இது இன்னும் முக்கியம். இறுக்கத்தைத் தருவது எலாஸ்டேன் நூல். குளோரினும் சூடும் எண்ணெயும் அதற்குப் பகை. எங்களில் பலர் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டே தடாகத்துக்கு வருகிறோம், வெயிலுக்கு சன் கிரீமும் பூசுகிறோம். அந்தக் கையால் உடையைப் பிடித்து இழுத்தால் பூச்சு என்ன ஆகும்? போட்டிக்கு முதல் நாளே எண்ணெயை நிறுத்துங்கள். சன் கிரீமை உடை மூடாத இடத்தில் மட்டும், உடையைப் போட்ட பிறகு இன்னொருவரைக் கொண்டு பூசுங்கள். நீந்தி முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், துவாயில் சுருட்டி அமுக்கி, நிழலில் விரித்துக் காயவிட வேண்டும். மழைக்காலத்தில், அதுவும் கடற்கரைப் பக்கத்து மாடி வீட்டில், ஒரு நாளில் காயாது. நான் மின்விசிறியின் கீழ் இரவு முழுக்கப் போட்டு வைப்பேன். ஈரத்தோடு பைக்குள் ஒரு நாள் விட்டாலே மணம் பிடிக்கும், அப்புறம் கரும்புள்ளி விழும். இவ்வளவு பாடும் இரண்டு உடைக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு நாள் மறந்துபோனால் எத்தனை ஆயிரம் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

போடுகிற பாடு தனி. புழுக்கத்தில் உடுப்பு மாற்றும் அறையில் நின்றாலே வியர்க்கும். வியர்த்த தோலில் இந்தத் துணி ஏறாது. விலை கூடியதைப் போட எனக்கு 25 நிமிடம், நடுத்தரத்துக்குப் பத்து. நகத்தை வெட்டிவிட்டு, காலைத் துவாயால் நன்றாக ஒற்றி, தொடைவரை முழுதாக ஏற்றிய பிறகே இடுப்புக்கு மேல் இழுக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சியும் அஞ்சல் நீச்சலும் (relay) இருந்தால் இடையில் கழற்றிப் போடவும் முடியாது. அந்த இறுக்கத்தோடு மணிக்கணக்கில் வெயிலில் இருக்க வேண்டும். விலை கூடியதில் எனக்குத் தோள் மரத்துப் போனது.

ஆண்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். இடுப்பிலிருந்து முழங்கால் வரைதானே, விலையும் குறைவு, போடுவதும் சுலபம். தம்பி விலை கூடியதையே வைத்திருக்கிறான், குறை சொல்லவில்லை. அதற்கு மேல் அவன் பக்கத்தைப் பற்றி நான் பேசினால் கேள்விப்பட்டதைச் சொல்வதாகிவிடும். நானும் 50, 100 மீட்டர்காரி. 400, 800 நீந்துபவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். கல்கிசைக் கடலில் நீந்துவதற்கு இரண்டையுமே எடுத்துப் போக மாட்டேன். உப்பும் மணலும் பட்டால் அக்குள் ஓரம் தோலை உரித்துவிடும்.

விலை கூடியதை யாருக்குச் சொல்வேன் என்றால், வெளிநாட்டில் உலக மாஸ்டர்ஸ் போட்டிக்குப் போகிறவருக்கு. ஒரு தகுதி நேரத்துக்கு அரைச் செக்கன் குறைவாக நிற்பவருக்கு. வருடத்தில் ஒரே ஒரு முறை எடுத்துப் போடுவதென்றால் அதன் பூச்சும் நிற்கும்.

அளவு விஷயத்தில் கவனம். இங்கே போட்டுப் பார்த்து வாங்கும் வசதி அரிது, வெளியிலிருந்து வந்ததைத் திருப்பி அனுப்பும் செலவும் கையைக் கடிக்கும். மார்பு, இடுப்பு அளவோடு தோளிலிருந்து கவட்டைச் சுற்றி மீண்டும் தோள்வரை நாடாவால் அளந்து அனுப்புங்கள். உயரமான பெண்களுக்கு இடுப்பு சரியாக வந்தாலும் தோள்பட்டை வெட்டும். சந்தேகம் என்றால் ஓர் அளவு பெரிது.

எங்களோடு நீந்தும் அறுபது தாண்டிய அக்கா ஒருவருக்குப் போன மாதம் அப்படித்தான் எடுத்தோம், நடுத்தர விலையில், ஓர் அளவு கூட்டி. மூட்டு வாதத்தால் அவவுக்கு விரல் மடங்காது. அதற்கு முன் இன்னொருவரிடம் இரவல் வாங்கிய விலை கூடிய உடையைப் போட முயன்று, "விரல் பிடிக்குதில்லை தங்கச்சி, விடு" என்று கண் கலங்கி நின்றவ. இந்த முறை இடுப்புவரை தானே ஏற்றினா. தோளுக்கு மட்டும் நான் கை கொடுத்தேன்.