மக்கும் குப்பைப் பை: அட்டைப்பெட்டியில் படிக்க வேண்டியவை

கும்பகோணம் கடைத்தெருவில் கிடைக்கும் மக்கும் குப்பைப் பைகளைச் சமையலறைக் கழிவுக்காகப் பயன்படுத்தி வருகிறேன். காய்கறித் தோலும் சாப்பிட்ட வாழையிலையும் நிறைந்த பை ஒரு நாள் நன்றாகத் தாங்குகிறது. அதற்கு மேல் வைத்தால் அடிப்பகுதி இளகிவிடுகிறது.

பையில் ஐ.எஸ். 17088 என்ற, மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரநிலை எண் உள்ளது, அது பாராட்டுக்குரியது. ஆனால் அத்தரநிலை, வெப்பம் ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் அளவில் காக்கப்படும் உர நிலையங்களை மனத்தில் கொண்டது என்பதால், கொல்லைக் குழியிலோ அரசலாற்றங்கரையிலோ போட்ட பை அதே வேகத்தில் மக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாய்க்கால் அடைபட்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாத நம் பகுதியில் விற்கும் பொருளில், இதைத் தமிழில் பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியின் மேலுள்ள மூன்று அம்பு மறுசுழற்சி வளையம் (1970இல் கேரி ஆண்டர்சன் வரைந்தது) அட்டைக்கு மட்டுமே பொருந்தும். வளையத்துக்குள் விழுக்காடு இருந்தால், அது பழைய பொருளிலிருந்து எடுத்துச் சேர்த்த பங்கைக் குறிக்கும். நெகிழிப் பொருள்களில் காணும் 1 முதல் 7 வரையிலான எண்களோ பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கின்றன. தண்ணீர் பாட்டில் 1, பால் பாக்கெட் பெரும்பாலும் 4. மக்கும் பை 7ஆம் பிரிவில் சேரும். அதைப் பால் பாக்கெட்டுகளோடு கட்டிப் பழைய பொருள் கடையில் போட்டால் மறுசுழற்சியின் தரம் கெடும்.

வீட்டில் உரக்குழி உள்ளவர்களுக்கு மூடியிட்ட வாளியே போதும். மற்றவர்கள், தூய்மைப் பணியாளர் ஈரக்கழிவைப் பையோடு பெற்றுக்கொள்கிறாரா என்று கேட்டறிந்த பின் வாங்கலாம்.