"எச்டி வாய்ஸ் ஆக்டிவேஷன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

பினாங்கில் கைபேசி வாங்கப் போகிறவர்களுக்கு, முக்கியமாக வயதான அம்மா அப்பாவுக்குச் செட் தேடுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். "எச்டி வாய்ஸ்" (அழைப்பில் தெளிவான குரல்), "வோல்ட்டி" (அந்தக் குரல் வர 4ஜியிலேயே பேசும் வசதி) என்று சொல்லி அதற்கென்று தனியாகக் காசு கேட்கும் கடைகள் இருக்கின்றன. ஜோர்ஜ்டவுனில் அப்படி ஒரு கடையில் 609 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தோம். கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்யும் விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

என் அம்மாவுக்கு 74 வயது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இடது காது மந்தம். நான் இருப்பது பட்டர்வொர்த்தில். நினைத்த நேரத்துக்குப் பாலம் தாண்டி ஓட முடியாது, அதனால் எல்லாமே போனில்தான். கிளினிக்கிலிருந்து மருந்தளவை மாற்றிச் சொல்வது, அப்பாயின்மென்ட் தேதி சொல்வது எல்லாம் அம்மாவின் எண்ணுக்குத்தான் வரும். வாட்ஸ்அப் அவருக்குப் பழக்கமில்லை, வீட்டில் வைஃபையும் கிடையாது. பழைய பட்டன் போனில் கரகரவென்று வரும் குரலில் பாதிதான் அவருக்குப் புரியும். புரியாததைப் புரிந்ததுபோல "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவார். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வந்த தங்கை தன் போனைக் கொடுத்து என்னோடு பேச வைத்தாள். அம்மா ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. "நீ பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றார். இரண்டு பேர் போனும் ஒரே நிறுவனத்தின் லைன், இரண்டிலும் வோல்ட்டி வேலை செய்தது. அன்றைக்கே அம்மாவுக்கும் அப்படி ஒரு செட் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சாதாரண போன் அழைப்பு மனிதக் குரலில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும்தான் அனுப்பும். மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்படும். ச, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. எச்டி வாய்ஸ் என்பது 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை அனுப்புகிறது. நல்ல காது உள்ளவர்கள் விடுபட்டதை மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்கள். காது மந்தமானவர்களால் அது முடியாது. எனக்கும் உங்களுக்கும் இது ஒரு சின்ன வசதி. அம்மா மாதிரி ஆட்களுக்கு மாத்திரை ஒன்றா இரண்டா என்பது இதில் இருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். போவதற்கு முன்னால் கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்: அம்மாவின் லைனில் எச்டி வாய்ஸ் வேலை செய்ய வேண்டும், பெரிய எழுத்து தெரிய வேண்டும், என்ன செட் இருக்கிறது? உடனே பதில் வந்தது. ஒரு செட்டின் படம், விலை 549 வெள்ளி, "எச்டி வாய்ஸ் சப்போர்ட், ஆக்டிவேஷன் 60." இந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தேன். பிறகு எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

கடையில் இருந்த பையன் தமிழ்ப் பையன்தான். மரியாதையாகப் பேசினான். அம்மாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தான். "அக்கா, இந்த வசதியை டெல்கோ ஆட்டோமேட்டிக்கா தராது, நாங்கதான் உள்ள போயித் திறக்கணும்" என்றான். டெல்கோ என்றால் லைன் தரும் நிறுவனம். போனை வாங்கி டயல் பக்கத்தில் *#*#4636#*#* என்று அடித்தான். ஒரு பட்டியல் திறந்தது. அதில் வோல்ட்டி என்று இருந்த ஒரு பொத்தானைத் தள்ளிக் காட்டி, "பாருங்க, ஆன் ஆயிருச்சு" என்றான். மேலே 4ஜி என்று தெரிந்தது. ரசீதில் செட் 549, "அக்சசரி" 60 என்று எழுதினான். ஆக்டிவேஷன் என்று எழுதச் சொன்னேன். "சிஸ்டத்துல அந்த ஐட்டம் இல்ல லா அக்கா, எல்லாம் ஒன்னுதான்" என்றான்.

அன்று இரவு அம்மாவை அழைத்தேன். அதே கரகரப்பு. அழைப்பு இணையவே பழைய போனைவிட நேரமானது. வார இறுதியில் நேரில் போய் என் போனிலிருந்து அழைத்து, அம்மா பேசும்போது அவர் செட்டைப் பார்த்தேன். அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போதே மேலே இருந்த 4ஜி மறைந்து E என்று வந்தது. வைத்ததும் கொஞ்ச நேரத்தில் மீண்டும் 4ஜி. எத்தனை முறை அழைத்தாலும் இதேதான்.

E என்று வந்தால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிட்டது என்று பொருள். நம் நாட்டில் 2020இல் ஜெண்டேலா என்ற தொலைத்தொடர்பு மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தார்கள். அதன்படி 2021 இறுதிக்குள் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. அதனால் 4ஜியில் பேச முடியாத செட் இறங்குவதற்கு நடுவில் வேறு படி கிடையாது, நேராக 2ஜிதான். பேசிக்கொண்டிருக்கும்வரை இணையமும் நின்றுபோகும். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த புதுச் செட் குரல் விஷயத்தில் அவருடைய பழைய பட்டன் போன் செய்ததையே செய்தது.

கடைக்குத் திரும்பிப் போனோம். முதலில் "சிம் பழசு" என்றார்கள். டெல்கோ கவுன்டரில் புது சிம் மாற்றி வந்தோம். மாறவில்லை. அடுத்து "ஆயர் ஈத்தாம்ல கவரேஜ் சரியில்ல" என்றார்கள். அதே சிம்மை என் போனில் போட்டு அதே வீட்டில் பேசிக் காட்டினேன். 4ஜி மாறவே இல்லை, குரல் கண்ணாடிபோல வந்தது. அப்புறம் முதலாளி வந்தார். போஸ்ட்பெய்ட் பிளானுக்கு மாறினால் சரியாகிவிடும், தன்னிடமே எடுத்துக்கொள்ளலாம் என்றார். மாத வாடகையையும் எங்கள் தலையில் கட்டப் பார்த்த அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. காது கேட்காத ஒரு பாட்டியை வைத்துக்கொண்டு இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

உண்மையைச் சொன்னது டெல்கோ கவுன்டரில் இருந்த ஒரு பெண். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டியோட லைன்ல வோல்ட்டி ஏற்கெனவே திறந்துதான் இருக்கு, இதுக்குக் காசே கிடையாது" என்றார். செட்டின் மாடலைப் பார்த்ததும், எங்கள் பட்டியலில் இந்த மாடல் இல்லை, இது ஏபி செட் என்றார்.

ஏபி செட் என்றால் பினாங்கில் பலருக்குத் தெரியும்: வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்ததைக் கொண்டுவந்து மலிவாக விற்பது. அதில் இணையம் ஒழுங்காக ஓடும், படம் பார்க்கலாம், எல்லாம் செய்யலாம். ஆனால் 4ஜியில் இணையம் ஓடுவது வேறு, 4ஜியில் பேசுவது வேறு. பேசுவதற்கு அந்தந்த நாட்டு நிறுவனத்துக்கான அமைப்பு செட்டின் மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். செட் செய்த நிறுவனம்தான் அதை வைக்க முடியும். அந்தப் பையன் திறந்து காட்டிய பக்கம் ஆண்ட்ராய்டில் எவர் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய சோதனைப் பக்கம். எங்கள் செட்டில் அந்தப் பொத்தானைத் தள்ளியும் ஒன்றும் மாறவில்லை. போனை அணைத்துப் போட்டதும் பொத்தான் பழைய நிலைக்கே போய்விட்டது. பெட்டியில் எம்.சி.எம்.சி. (நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம்) முத்திரையும் இல்லை, அமைப்புப் பக்கத்தில் மின்முத்திரையும் இல்லை.

60 வெள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல குரல் என்றால் அதிக டேட்டா, அதனால் கட்டணம் என்று அந்த முதலாளி சொன்னார். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் உண்மை அப்படி இல்லை. பழைய கைபேசிக் குரல் நொடிக்கு 12.2 கிலோபிட் வரை எடுக்கும். எச்டி வாய்ஸ் வழக்கமாக எடுப்பது 12.65 கிலோபிட். ஏறக்குறைய ஒரே அளவு. குரலைச் சுருக்கும் முறைதான் மேம்பட்டிருக்கிறது. அந்த முறைக்கு 2001இலேயே தரம் வகுத்துவிட்டார்கள். 2009இல் மால்டோவா நாட்டில் ஆரஞ்ச் நிறுவனம் கைபேசி வலையமைப்பில் முதன்முதலாக அதைக் கொண்டுவந்தது. 2014இல் அதைவிடத் துல்லியமான ஈ.வி.எஸ். என்ற முறையும் தரமானது. இவ்வளவு பழைய, சாதாரண வசதிக்கு 2ஜியில் பேசும் செட்டைக் கொடுத்து 60 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். அம்மாவின் பிரீபெய்ட் லைனில் வோல்ட்டி அழைப்பு வழக்கமான அழைப்புக் கட்டணத்தில்தான் போகிறது, டேட்டாவிலிருந்து ஒன்றும் கழியவில்லை.

இனி வாங்கப் போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் சொந்த சிம்மைக் கடையிலேயே செட்டில் போடச் சொல்லுங்கள். அதிலிருந்து ஓர் அழைப்பு எடுத்து, பேசும்போது திரையின் மேற்பகுதியைப் பாருங்கள். 4ஜி அல்லது வோல்ட்டி என்று நின்றால் சரி. E என்றோ G என்றோ மாறினால் எழுந்து வந்துவிடுங்கள், அவர்கள் என்ன சொன்னாலும். சீல் உடைக்க முடியாது என்றால் அந்த மாடல் பெயரை எழுதிக்கொண்டு டெல்கோ கவுன்டரில் கேளுங்கள். அவர்களிடம் பட்டியல் இருக்கிறது. பெட்டியில் 4ஜி, 5ஜி என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அது இணையத்தைப் பற்றிய பேச்சு. இன்னொன்று, இரண்டு பக்கமும் எச்டி இருந்தால்தான் குரல் தெளிவாக வரும். வேறு வேறு நிறுவன லைன்களுக்கு இடையே சில நேரம் பழைய தரத்துக்கே இறங்கிவிடும். அதனால் அம்மா அப்பாவின் லைனும் உங்கள் லைனும் ஒரே நிறுவனமாக இருந்தால் நல்லது.

எங்கள் பணத்துக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடை முதலில் "விற்றது விற்றதுதான்" என்று கையை விரித்தது. ரசீதிலும் அப்படி அச்சடித்திருந்தார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் அந்த வரி நிற்காது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று நாம் சொல்லி, அதற்கு உதவும் என்று கடைக்காரர் சொல்லி விற்றால், பொருள் அதற்கு உதவியாக வேண்டும். நான் கேட்டதும் அவர்கள் பதில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்தது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதிந்தேன். "பாரம் 1" ஒன்றை நிரப்ப வேண்டும், கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. அவர்களும் வைக்க முடியாது. மலாய் தடுமாறுகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேட்கலாம். லைன் அல்லது டெல்கோ பற்றிய புகார் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடம் சொல்லி, அவர்கள் தீர்க்காவிட்டால் எம்.சி.எம்.சி.க்குப் போக வேண்டும். எங்கள் லைனில் குறை இல்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

அழைப்பாணை போனதும் முதலாளியின் குரல் மாறியது. 300 வெள்ளி தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்றார். மறுத்தேன். விசாரணை நாளன்று தலைவர் இரண்டு தரப்பையும் பேசிப் பார்க்கச் சொன்னார். நான் செட்டை மேசையில் வைத்து, அம்மாவின் சிம்மிலிருந்து ஓர் அழைப்பு எடுத்து 4ஜி E ஆவதைக் காட்டினேன். "அக்சசரி" 60 வெள்ளிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது முதலாளியிடம் பதில் இல்லை. முழு 609 வெள்ளியையும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். அது உத்தரவாகவே பதிவானது. உத்தரவை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கெடுவுக்குள் பணம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு இப்போது மலேசியா செட் ஒன்று வாங்கியிருக்கிறோம், கடையிலேயே பேசிப் பார்த்த பிறகு. போன வாரம் கிளினிக்கில் மருந்தை மாற்றிச் சொன்னதை அவரே கேட்டு, அவரே காலண்டரில் எழுதி வைத்திருந்தார்.

ஆனால் அந்தக் கடையின் கண்ணாடியில் "எச்டி வாய்ஸ் ஆக்டிவேஷன்" ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. இதேபோல் காசு கொடுத்தவர்கள் ரசீதையும் செய்திகளையும் தூக்கிப் போடாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் தீர்ப்பாயத்தில் பதியலாம். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் எனக்கு எழுதுங்கள், நான் கூட இருந்து நிரப்பித் தருகிறேன்.