நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷனா? கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம். காலையில் ஒரே ஒரு இட்லி, அதையும் சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டேன். நாலாவது வாய் நெஞ்சுக்குழியில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தால் அதுவும் மேலேயே நிற்கிறது. வாந்தியும் வராது, ஏப்பமும் வராது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் எச்சில் நுரையைத் துப்பியபடி நின்றேன். ஸ்கூலுக்குக் கிளம்பிய மகள் பையை மாட்டிக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருடமாக எனக்குப் புளித்த ஏப்பம். ராத்திரி படுத்தால் தொண்டை வரை எதுக்களிக்கும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை இல்லாமல் வெளியூர் போனதில்லை. எங்கள் ஊர் தனியார் மருத்துவமனை ஒன்றில் சலுகை விலையில் எண்டோஸ்கோப்பி என்று பேனர் பார்த்துப் போனேன், மாட்டினேன். தொண்டை மரப்புகூடப் போகவில்லை, அதற்குள் சர்ஜன் வந்துவிட்டார். "இரைப்பை கொஞ்சம் மேலே ஏறியிருக்கு, ஹயாட்டஸ் ஹெர்னியா. இன்னும் எத்தனை வருஷம் மாத்திரை முழுங்குவீங்க? சின்னச் சின்னதா நாலஞ்சு ஓட்டை, மூணாம் நாள் வீடு" என்றார். அடுத்த அறையில் இன்சூரன்ஸ் பார்க்கும் பெண், "சார், இந்த மாசமே பண்ணிட்டா பேக்கேஜ்ல வந்துடும்" என்றாள். மாசக் கடைசித் தள்ளுபடிக்கு இது என்ன ஆடிப் புடவையா? ஆனால் அன்று எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. பேக்கேஜுக்கு மேல் கையிலிருந்து போன பணத்தை விடுங்கள், அது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் வயிறு தவில் மாதிரி ஆனது. காற்று உள்ளே போகும், மேலே வராது. "வீக்கம் வடிய நாளாகும், மென்று சாப்பிடுங்க" என்றார்கள். முதல் சில வாரங்களுக்கு அது உண்மைதான். ஆனால் மூன்று மாதம் கழித்து, எட்டுக் கிலோ இளைத்துப் போய் நின்றபோது கிடைத்த பதில்: "டென்ஷனைக் குறைங்க."

சென்னையில் வேறொரு குடல் நோய் நிபுணரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மேனோமெட்ரி ரிப்போர்ட் எங்கே?" அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்டேன்.

மேசையிலிருந்த பேனாவில் கைக்குட்டையைச் சுற்றிக் காட்டினார். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிமுனையில் இப்படிச் சுற்றித் தைப்பதுதான் ஃபண்டோப்ளிகேஷன். நிஸ்ஸன் என்ற சர்ஜன் 1956இல் எழுதி வெளியிட்ட முறை. முழுச் சுற்று 360 டிகிரி. குழாய்க்குச் சாப்பாட்டைக் கீழே தள்ளும் வலு குறைவாக இருந்தால் 270 டிகிரியோடு நிறுத்துவதும் உண்டு. வலு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மேனோமெட்ரி: மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, 5 மில்லி தண்ணீராகப் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். இன்னொன்று 24 மணி நேர பிஎச் சோதனை. எரிச்சல் நிஜமாகவே அமிலத்தால்தானா என்று அது சொல்லும். எனக்கு இரண்டுமே செய்யவில்லை, நேராக முழுச் சுற்று. அவர் எடுத்துப் பார்த்ததில் குழாயின் தள்ளும் சக்தி ரொம்பக் குறைவு. "இது முன்னாடியே இருந்திருக்கலாம், பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார், யாரையும் திட்டவில்லை.

அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. "மாத்திரையை எப்போ போட்டீங்க?" டிஃபன் முடித்ததும் என்றேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியதாம். ஆறு வருடம், ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சோதனை செய்து, தேவைப்பட்டுச் செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் கண்ணால் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். முழுச் சுற்றா, முக்கால் சுற்றா, ஏன் என்று கேளுங்கள். கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு இப்போது இரண்டு முறை, சுற்றித் தைத்த இடத்தை உள்ளே பலூன் வைத்து விரித்திருக்கிறார்கள். குழைந்த சாதம் இறங்குகிறது. சப்பாத்தி இல்லை. சரியாகாவிட்டால் சுற்றைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டுமாம்.

பழைய இடத்தில் கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதி இருக்கிறது, இழுத்தடித்தால் அதைச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய சோதனைகள் என்று ஒரு அச்சடித்த தாள் அதில் இருந்தது. எண்டோஸ்கோப்பி பக்கத்தில் டிக். மேனோமெட்ரி, பிஎச் இரண்டு கட்டமும் காலி. கீழே, நல்ல தெளிவாக, என் கையெழுத்து.