ஒரே ஈடிபஸ், இரண்டு இருட்டு

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ் ஈடிபஸை வைத்து எழுதிய இரண்டு நாடகங்களில் எதை முதலில் படிப்பது? 'ஈடிபஸ் மன்னன்' என்றுதான் பலரும் சொல்வார்கள். அதில் கண்ணுள்ள அரசனுக்குத் தான் யாரென்றே தெரியாது. கண்ணில்லாத தீர்க்கதரிசி டைரீசியஸுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் தந்தையைக் கொன்று தாயையே மணந்திருக்கிறான் என்ற உண்மை வெளிப்பட்டதும், அந்தத் தாய் யோகாஸ்டாவின் ஆடை ஊசிகளால் கண்களைக் குத்திக்கொள்கிறான். துன்பம் அப்பல்லோ தெய்வம் தந்தது, குத்திய கை மட்டும் என்னுடையது என்கிறான்.

'கொலோனஸில் ஈடிபஸ்' கி.மு. 401இல், ஆசிரியர் இறந்த பிறகு அரங்கேறியது. கதை மெதுவாகத்தான் நகரும், சரி. ஆனால் இங்கே கிழவனின் பேச்சே வேறு: தெரியாமல் செய்தது எப்படிக் குற்றமாகும்? மகள் ஆன்டிகனியின் கைபிடித்து வந்தவன், கடைசியில் யார் கையும் பிடிக்காமல் முன்னே நடந்து ஏதென்ஸ் அரசன் தீசியஸுக்கு வழிகாட்டுகிறான். முதல் நாடகத்தின் அலறலைவிட எனக்கு அந்த நடைதான் பிடிக்கும்.