ஒன்பது வருடம் கார் ஷோரூம் விற்பனை மேலாளராக

நான்கு வருடம் சேல்ஸ்மேனாக இருந்துவிட்டு மேலாளர் நாற்காலிக்கு வந்தேன். அதில் உட்கார்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த வேலை எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஷோரூமைப் பற்றி அல்ல, விற்காத வண்டிகளை நிறுத்தி வைக்கும் ஸ்டாக்யார்டைப் பற்றி.

யார்டில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் டீலர் கடனில் எடுத்தவை. விற்கும் வரை வட்டி ஓடும். புதுக் காரில் கிடைக்கும் லாபமோ மெலிசு. இன்சூரன்ஸ், லோன், ஆக்சஸரீஸ், சர்வீஸ் இவையெல்லாம் சேர்ந்துதான் கடையைத் தாங்குகின்றன. அதனால் காலையில் நான் முதலில் திறப்பது 60 நாள், 90 நாள் தாண்டிய வண்டிகளின் பட்டியலை. நிற்க நிற்க வண்டியும் கெடும்: பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தும், பிரேக் டிஸ்க்கில் துரு படியும். இந்தப் பட்டியலைச் சரியாகப் பார்க்கவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அப்படியும் ஒரு தப்பு நடந்துவிட்டது. 2023 நவம்பரில் ஒரு டெலிவரி. ரிப்பன் கட்டி, குடும்பமே போட்டோவுக்கு நிற்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் மட்டும் குனிந்து டயரின் பக்கவாட்டைப் படித்தார். அதில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். அங்கே இருந்தது 3522, அதாவது 2022-இன் 35-ஆவது வாரம். "புது ஸ்டாக்குன்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்படிச் சொன்னது என் சேல்ஸ்மேன் பையன்தான், ஆனால் அந்த வண்டியைத் தள்ளிவிடச் சொன்னவன் நான். அன்றைக்கே நான்கு டயரும் மாற்றிக் கொடுத்தோம். அந்தக் குழந்தைகளின் முகம் வாடியதை மாற்ற முடியவில்லை.

அதன்பிறகு பழைய ஸ்டாக் என்றால் புக்கிங்கிலேயே தயாரிப்பு மாதத்தைச் சொல்லி, அதற்கேற்ற தள்ளுபடி கொடுக்கிறோம். சில புக்கிங் போகும், போகட்டும். டெலிவரிக்கு முந்தின நாள் பிடிஐ (டெலிவரிக்கு முந்தைய பரிசோதனை) சரிபார்ப்புத் தாளோடு நானே ஒருமுறை வண்டியைச் சுற்றி வருகிறேன்.

மாதக் கடைசி மட்டும் இன்றுவரை பழகவில்லை. பல இடங்களில் ஊக்கத்தொகை, இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு என்று படிகளாக இருக்கும். ஒரு வண்டி குறைந்தால் மொத்தப் படியும் கைநழுவும். அதனால் அந்த ஒரு வண்டிக்கு அளவுக்கு மீறித் தள்ளுபடி தருவோம், அடுத்த மாதம் வாங்க இருந்தவரை இந்த மாதமே இழுப்போம். அப்புறம் புது மாதத்தின் முதல் பத்து நாள் ஷோரூம் காலியாகக் கிடக்கும். இளம் பையன்கள் வேலையை விட்டுப் போவது அந்த நாட்களில்தான். நல்லவர்கள் மூன்று பேரை நான் அப்படி இழந்திருக்கிறேன். இப்போது 20-ஆம் தேதிக்குப் பிறகு யாரையும் எல்லோர் முன்னாலும் எண்ணிக்கை கேட்பதில்லை. தனியாகக் கூப்பிட்டு, எந்த வாடிக்கையாளர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பேசுகிறேன்.

விடுமுறை நாட்கள்தான் நமக்குக் கூட்டம் அதிகம். வீட்டில் அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு டீலரிடம் சேரப் போகிறீர்களா? சம்பளம் பேசுவதற்கு முன் யார்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் எத்தனை வண்டி தூசி படிந்து நிற்கிறது, காற்று இறங்கிய டயர் எத்தனை என்று பாருங்கள். யார்டைக் காட்டத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம்.