சிங்கப்பூர் வெக்கையில் ஒரு பி550 போர்டு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2020 கடைசியில் வாங்கிய எம்எஸ்ஐ மேக் பி550 டோமஹாக் போர்டு (ஏஎம்டி பிராசசருக்கான மதர்போர்டு) இன்னும் என் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் பிராசசர் மாறிவிட்டது, கிராஃபிக்ஸ் கார்டு மாறிவிட்டது, கேஸ்கூட மாறிவிட்டது, போர்டு மட்டும் அப்படியே. ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, மதர்போர்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: விஆர்எம் (பிராசசருக்கு ஏற்றபடி மின்சாரத்தை இறக்கித் தரும் பகுதி) சூட்டில் திணறாத அளவுக்குச் செலவழியுங்கள், அதற்கு மேல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட வேண்டாம்.

அன்று சிம் லிம் சதுக்கத்தில் மாடி மாடியாக ஏறி விலைப்பட்டியல் தாள்களைச் சேர்த்துக்கொண்டு வந்து ஒப்பிட்டபோது கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஓரளவு நல்ல எக்ஸ்570 போர்டு (பி550-க்கு மேல்படியில் உள்ள ஏஎம்டி சிப்செட், அதாவது போர்டின் துணைச் சில்லு) 350 வெள்ளிக்கு மேல், இந்த டோமஹாக் 260 வெள்ளியை ஒட்டி, அடிமட்ட போர்டுகள் 150 வெள்ளிக்குக் கீழே. எக்ஸ்570-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் என்ன வருகிறது? சிப்செட் வழியாகவும் பிசிஐஇ 4.0 (கார்டையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் வேகப் பாதை) கிடைக்கும், வழித்தடங்களும் அதிகம். பி550-இல் முதல் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் ஒரு எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட்டுக்கும் மட்டும் பிராசசரிலிருந்து நேராக 4.0 வரும், மற்றதெல்லாம் 3.0. வீட்டில் ஒரு கார்டு, ஒன்றிரண்டு எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. போதாததற்கு அப்போதைய எக்ஸ்570 போர்டுகள் பெரும்பாலானவற்றில் சிப்செட் மேலே ஒரு குட்டி விசிறி வேறு. நம் வீட்டுத் தூசியில் அது எத்தனை நாள் சத்தமில்லாமல் சுற்றும் என்ற சந்தேகமே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஓவர்கிளாக் என்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, ஏஎம்டி இரண்டிலும் அதைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பூட்டியிருப்பது அடிமட்ட ஏ520 சிப்செட்டில்தான். இன்டெல் பக்கம் போனால் கதை வேறு, அங்கே பிராசசரின் மல்டிபிளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்) தொட இசட் வரிசை போர்டும் கே எழுத்துள்ள பிராசசரும் சேர்ந்தே வேண்டும், பட்ஜெட் அங்கேயே எகிறிவிடும்.

சரி, விஆர்எம். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட், பிராசசர் குடிப்பது 1.2, 1.3 வோல்ட் அளவில்தான். அந்த இறக்கத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட்டுகளும் காயில்களும். 1.3 வோல்ட்டில் 110 வாட் என்றால் கிட்டத்தட்ட 85 ஆம்ப் மின்னோட்டம் அந்தச் சின்ன இடத்தில் பாய்கிறது, அதில் வீணாவதெல்லாம் சூடாக மாறும். ஃபேஸ் (இந்த வேலையைப் பங்கிட்டுச் செய்யும் ஒவ்வொரு தொகுதி) எண்ணிக்கை அதிகம் இருந்தால் சுமை பிரியும், சூடும் பிரியும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்ப் தாங்கும், மேலே இருப்பது உண்மையான உலோகக் கட்டியா அல்லது அழகுக்கு ஒட்டிய தகடா என்று பார்க்க வேண்டும். டோமஹாக்கில் 10+2+1 ஃபேஸ், 60 ஆம்ப் பவர் ஸ்டேஜ்கள், மேலே நல்ல கனமான ஹீட்சிங்க். 142 வாட் வரை இழுக்கிற ரைசன் 9 5950எக்ஸ் போட்டாலும் சமாளிக்கும் அமைப்பு, என் பிராசசருக்கு அது தாராளம்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்பநிலை எண்கள் நமக்குப் பொருந்தாது. அவர்கள் 20, 22 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மேற்கு வெயில் விழும் அறை, பகலில் ஏர்கான் போடுவதில்லை, பிற்பகலில் அறையே 31, 32 டிகிரி. அவர்கள் எண்ணோடு பத்து டிகிரியைக் கூட்டித்தான் படிக்க வேண்டும். இதற்கு முன்னால் வைத்திருந்த போர்டில் (பெயர் வேண்டாம்) விஆர்எம் மேல் ஹீட்சிங்கே கிடையாது. காலையில் வீடியோ ரெண்டர் போட்டால் ஒழுங்காக முடியும், மத்தியானம் போட்டால் வேகம் படியிறங்கிக்கொண்டே போகும். டோமஹாக்கில் அதே மத்தியானத்தில், அதே மாதிரி வேலையில், மாஸ்ஃபெட் சென்சர் எழுபதைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

முதலில் போட்டிருந்தது ரைசன் 5 3600. எல்லா கோரும் 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே, கலங்காமல் நின்றது. அப்புறம் 5700எக்ஸ் வந்ததும் பழைய பாணியில் ஒரே வேகத்தில் கட்டிப்போடுவதை விட்டுவிட்டேன். ரைசன் 5000-இல் அப்படிச் செய்தால் ஒற்றைக் கோர் பூஸ்ட் போய்விடும், விளையாட்டில் வேகம் கூடுவதற்குப் பதில் குறையவே செய்யும். பிபிஓ-வில் (ஏஎம்டியின் பூஸ்ட் வரம்புகளைத் தளர்த்தும் வசதி) வாட் வரம்பைக் கொஞ்சம் ஏற்றி, கர்வ் ஆப்டிமைசரில் (கோருக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் அமைப்பு) கோர் கோராக மைனஸ் கொடுப்பதுதான் இப்போதைய வழி. இதில் ஒரு பொறி உண்டு. அதிக மைனஸ் கொடுத்தால் கணினி சுமையில் விழாது, மணிக்கணக்கில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடும், பிறகு நீங்கள் காப்பி போடப் போன நேரத்தில் சும்மா இருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும். குறைந்த சுமையில் ஒரு கோர் மட்டும் உச்சிக்குத் தாவும்போது வோல்ட் போதாமல் போவதுதான் காரணம். ஆகவே கோர்சைக்கிளர் மாதிரி ஒரு கோரை மட்டும் தனியாக வாட்டும் கருவியால் இரவெல்லாம் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்எல்சி (சுமை ஏறும்போது வோல்ட் சரியாமல் தாங்கும் அமைப்பு) பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். எம்எஸ்ஐ போர்டில் மோட் 1 தான் மிகக் கடுமையானது, எண் ஏற ஏறத் தளர்வு. ஏசுஸ் போர்டில் இது தலைகீழ், எண் ஏறினால் கடுமை ஏறும். ஒரு போர்டுக்குச் சொன்ன அமைப்பைப் பார்த்து இன்னொன்றில் அப்படியே போட்டால் பிராசசருக்குத் தேவையில்லாத வோல்ட் போகும். நான் நடுவில் வைத்திருக்கிறேன்.

ரேம் விஷயத்தில் டிடிஆர்4-3600, இரண்டு குச்சி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். 3600 என்றால் ரேமின் உண்மையான கடிகார வேகம் 1800, பிராசசருக்குள்ளே பகுதிகளை இணைக்கும் ஃபேப்ரிக்கும் அதே 1800-இல் ஒன்றுக்கு ஒன்று ஓடும், அதற்கு மேலே போக ஆசைப்பட்டால் நிறையப் பிராசசர்கள் அடம்பிடிக்கும். நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் பார்க்க அழகுதான், வேகம் எட்டுவது கடினமாகிவிடும்.

இந்த போர்டில் இல்லாதது வைஃபை. வாங்கும்போது அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நம் வீடுகளில் ரௌட்டர் கூடத்தில், கணினி படுக்கையறையில், நடுவே பாம் ஷெல்டரின் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) தடித்த கான்கிரீட் சுவர். நான் கூடத்திலிருந்து சுவரோரமாக லேன் கேபிள் இழுத்துவிட்டேன். பின்னால் 2.5 கிகாபிட் போர்ட் ஒன்றும் 1 கிகாபிட் போர்ட் ஒன்றும் இருக்கின்றன, அதனால் குறையில்லை. கேபிள் இழுக்க வீட்டில் சம்மதிக்காதவர்கள் வைஃபை உள்ள போர்டையே பாருங்கள்.

வாங்கும்போது யாரும் கவனிக்காத ஒன்று, பின்பக்கத்து பயோஸ் ஃபிளாஷ் பொத்தான். கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயோஸை அதைக் கொண்டே புதுப்பிக்கலாம். 5700எக்ஸ் வாங்கிய அன்று பழைய பயோஸில் அது எழும்பாது என்று தெரியும். பென்டிரைவை எஃப்ஏடி32-ஆக மாற்றி, புதிய பயோஸ் கோப்புக்கு எம்எஸ்ஐ சொல்லும் பெயரை வைத்து, பொத்தானை அழுத்திக் காத்திருந்தேன், முடிந்தது. பழைய பிராசசரைத் திருப்பி மாட்டி, மறுபடி கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து என்ற வேலையெல்லாம் இல்லை. அதே பயோஸ் புதுப்பிப்புகள் வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்ததால்தான் இந்த போர்டு இரண்டு தலைமுறைப் பிராசசரைப் பார்த்தது.

ஈரப்பதத்தால் துரு, பழுது என்று எதுவும் வரவில்லை. தூசிதான், புகைமூட்டம் வரும் பருவத்தில் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். அப்புறம் எறும்பு. கேஸுக்குப் பக்கத்தில் மைலோ கப் வைக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

போன மாதம் அக்கா மகன் வந்தான், தேசிய சேவை முடியப்போகிறது, சேர்த்த பணத்தில் கணினி கட்ட ஆசை. "மாமா, எக்ஸ் சீரிஸ் இல்லாம ஓவர்கிளாக் பண்ண முடியுமா?" என்றுதான் முதல் கேள்வி. அவன் காலத்துக்கு ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய சாக்கெட், என்னுடையது பழைய ஏஎம்4). அங்கே பி650, பி850 இரண்டிலும் தாராளமாக முடியும். எக்ஸ்870-இல் யுஎஸ்பி4 கட்டாயம் என்பதால் அதற்கான காசையும் சேர்த்துக் கேட்பார்கள், வேண்டாதவருக்கு அது வீண். கவனிக்க வேண்டியது பி840. பெயரைப் பார்த்தால் பி850-இன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அதில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது, ஏ620 போலத்தான். டிடிஆர்5-6000 போதும் என்றும், மிச்சமாகும் பணத்தை நல்ல கூலரில் போடு என்றும் சொன்னேன். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு அவன் இப்போது கரோசல் இணையச் சந்தையில் பழைய போர்டு தேடிக்கொண்டிருக்கிறான். தவறில்லை. ஆனால் ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருந்தன, ஏஎம்5-இல் அவை போர்டின் சாக்கெட்டுக்கு வந்துவிட்டன, ஒன்று வளைந்தாலும் போர்டே போச்சு. நேரில் போய் வாங்கும்போது ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்து சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் மூடி இல்லாமல் வெறும் பையில் போட்டுக் கொண்டுவந்தால் விலை பேசாமலே திரும்பிவிடு என்றும்.